தேதியை மென்பொருள் போடுகிறதா, நாம் போடுகிறோமா?

கேள்வி: கட்டடங்களுக்கு உள்வேலை செய்து தரும் நிறுவனத்தில் இருக்கிறேன். ஃபால்ஸ் சீலிங், ஏசி டக்ட், வயரிங், மரவேலை எல்லாம் எங்கள் பொறுப்பு. எப்போதும் ஆறு சைட் ஓடும். அலுவலகத்தில் டிராயிங் போடுவதற்குத் தனியாக 8 பேர். இதுவரை எக்செல்லில் சமாளித்தோம். இப்போது "ஒரு நல்ல புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் பார்த்துச் சொல்லுங்கள்" என்று நிர்வாகம் என் தலையில் கட்டிவிட்டது. 11 மென்பொருட்களை எடுத்து, 43 அம்சங்களை வரிசையாக எழுதி, இருந்தால் டிக், இல்லாவிட்டால் பெருக்கல் குறி என்று ஒரு அட்டவணை போட்டேன். கடைசியில் பார்த்தால் எல்லாமே 35க்கு மேல் டிக் வாங்கியிருக்கின்றன. போதாக்குறைக்கு ஒரு பெரிய கிளையன்ட், ஷெட்யூலை பிரைமவேரா என்ற மென்பொருளில்தான் தரவேண்டும் என்கிறார். எதை வாங்குவது? எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கொண்டுவர முடியுமா?

பதில்: உங்கள் அட்டவணையில் தப்பு ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்ட கேள்விகள்தான் விற்பவர்களுக்கு ரொம்ப வசதியானவை. "கான்ட் சார்ட் உண்டா?" என்று கேட்டால் பதினொன்றும் உண்டு என்றுதான் சொல்லும். கான்ட் சார்ட் என்பது ஒவ்வொரு வேலையையும் தேதிக்கு நேராக ஒரு பட்டையாகக் காட்டும் படம். திரையில் நீலப் பட்டை வரைவது பெரிய வித்தை இல்லை. எக்செல்லில் கட்டங்களுக்கு நிறம் கொடுத்து நீங்களே அதை இத்தனை நாள் செய்திருப்பீர்கள். நான் வேறு மாதிரி கேட்பேன்: அந்தப் பட்டை ஏன் அந்தத் தேதியில் நிற்கிறது? யாரோ கொண்டுபோய் அங்கே வைத்ததாலா, முந்தைய வேலைகளைக் கூட்டிப் பார்த்து மென்பொருளே வைத்ததாலா? இந்த ஒன்றைக் கேட்டாலே உங்கள் பதினொன்றும் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும்.

உங்கள் சைட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு தளத்தில் டக்ட் மாட்ட 6 நாள், அதைச் சோதிக்க 2 நாள். டக்ட் வேலை தொடங்கும் அன்றே வயரிங்கும் தொடங்குகிறது. அதற்கு 4 நாள். இரண்டு பக்கமும் முடிந்ததும் கிளையன்ட் தரப்பு வந்து பார்க்க 1 நாள். அவர்கள் சரி சொன்னபின் சீலிங் மூட 5 நாள். மொத்தம் 14 நாள். டக்ட் ஆட்கள் 3 நாள் இழுத்தால் 17 ஆகிவிடும். வயரிங் ஆட்கள் அதே 3 நாள் இழுத்தால்? அப்போதும் 14தான், ஏனென்றால் வயரிங்குக்கு 4 நாள் சும்மா கிடக்கிறது. அதைத்தான் ஃப்ளோட் என்கிறோம். அதே வயரிங் 6 நாள் இழுத்தால் ஃப்ளோட் தீர்ந்துபோய், முடிவு 16க்குத் தள்ளிப்போகும். ஆக, திட்டுவதற்கு முன்னால் யாரைத் திட்டவேண்டும் என்பதே இந்தக் கணக்கில்தான் தெரியும்.

ஐந்து வேலை என்பதால் இதை மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்துவிட்டோம். ஒரு சைட்டுக்கு 400 வேலை, அப்படி ஆறு சைட் என்றால் யாராலும் முடியாது. எக்செல் தாளில் டக்ட் பட்டையை 3 கட்டம் நகர்த்தினால் சீலிங் பட்டை தானாக நகராது. யாராவது ஞாபகம் வைத்து நகர்த்தவேண்டும். நீங்கள் உண்மையில் வாங்கப்போவது அந்த ஞாபகத்தைத்தான்.

இந்தக் கணக்கு புதிதும் இல்லை, எந்த நிறுவனத்தின் ரகசியமும் இல்லை. 1957 வாக்கில் டூபான்ட் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து, முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் வேலைச் சங்கிலியைக் கண்டுபிடிக்கும் கிரிட்டிக்கல் பாத் முறையை உருவாக்கினார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதேபோன்ற பெர்ட் முறையைக் கொண்டுவந்தது. பட்டை வரைபடம் அதைவிடப் பழையது. ஹென்றி கான்ட் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது என்றாலும், அவருக்கு முன்பே 1896ல் போலந்துப் பொறியாளர் கரோல் அடாமியெட்ஸ்கி அதுபோல ஒன்றைச் செய்துவிட்டார். பாவம், பெயர் மட்டும் கிடைக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒழுங்கான ஷெட்யூலிங் மென்பொருள் எதுவாக இருந்தாலும் மேலே சொன்ன 14, 17, 16 என்ற அதே விடைகளைத்தான் தரும். "எங்கள் என்ஜின் சக்திவாய்ந்தது" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

முதல் கூட்டம், தேதியைக் கணக்கிடாமல் வேலையை நினைவில் வைத்துக்கொள்பவை. ட்ரெல்லோ, ஜிரா போன்றவை. ட்ரெல்லோ 2011ல் வந்தது. 2017ல் ஜிராவின் உரிமையாளரான அட்லாசியனே அதை வாங்கிவிட்டது. ஜிரா 2002ல் மென்பொருள் பிழைகளைப் பதிவுசெய்யப் பிறந்தது. காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான கொஜிராவை வெட்டிச் சுருக்கிய பெயர் அது. பிறப்பு எதற்கோ அந்தக் குணம் கடைசிவரை இருக்கும். ஜிராவில் ஒரு வேலை இன்னொன்றைத் தடுக்கிறது என்று இணைத்துவைக்கலாம். ஆனால் தடுக்கும் வேலை 3 நாள் தள்ளிப்போனால், தடுக்கப்பட்ட வேலையின் தேதி சாதாரணமாகத் தானே நகராது. அந்த இணைப்பு ஒரு குறிப்பு, அவ்வளவுதான். உங்கள் அட்டவணையில் 'டிபென்டன்சி' என்ற வரிக்கு நேராக ஜிராவுக்கும் டிக், மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ் புராஜெக்ட்டுக்கும் டிக் விழுந்திருக்கும். இரண்டு டிக்குக்கும் அர்த்தமே வேறு.

அதற்காக இந்தக் கூட்டத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். உங்கள் டிராயிங் பிரிவுக்கு இதுதான் சரி. ஷாப் டிராயிங் வேலை சங்கிலியாக ஓடுவதில்லை, குழாயில் தண்ணீர்போல ஓடுகிறது. வரையவேண்டியது, வரைந்துகொண்டிருப்பது, உள்ளே சரிபார்ப்பது, கிளையன்ட்டிடம் இருப்பது, திருத்தத்துக்குத் திரும்பியது, அப்ரூவல் ஆனது என்று ஆறு பத்தி போட்டு ஒவ்வொரு டிராயிங்கையும் ஒரு கார்டாக நகர்த்துங்கள். ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். 'கிளையன்ட்டிடம்' என்ற பத்தியில் 23 கார்டு குவிந்துகிடந்தால், உங்கள் ஆட்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 'திருத்தத்துக்குத் திரும்பியது' குவிந்தால் அது வேறு கதை. கட்டடத்தை ஒப்படைக்கும் சமயத்தில் வரும் ஸ்னாக் லிஸ்ட்டுக்கும் இதே போர்டு நன்றாக உதவும். கதவுப் பிடி தளர்வு, சாக்கெட் கோணல் என்று 300 சில்லறை வேலைகளை கான்ட் சார்ட்டில் ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த சார்ட்டை அதன்பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இரண்டாவது கூட்டம், தேதியைக் கணக்கிடுபவை. இதில் உங்களுக்கு முதலில் தென்படப்போவது எம்எஸ் புராஜெக்ட். 1984ல் டாஸ் காலத்திலேயே வந்தது. நல்ல மென்பொருள்தான். ஆனால் இதில் மூன்று குழிகள் உண்டு. மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன்.

முதல் குழி, கையால் தேதி அடிப்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய கட்டடத்துக்கு 900 வரி ஷெட்யூல் போட்டேன். பார்க்க அத்தனை அழகு. அடித்தள வேலையை 11 நாள் முன்னதாகவே முடித்துவிட்டோம். அப்டேட் செய்தேன். கடைசித் தேதி ஒரு நாள்கூட முன்னே வரவில்லை. மேலதிகாரி ஷெட்யூலைப் பார்த்துவிட்டு அடுத்த கான்ட்ராக்டரைப் பழைய தேதிக்கே வரச் சொல்லிவிட்டார். சம்பாதித்த 11 நாளும் சும்மா போனது. பிறகு ஒரு சீனியர் வந்து உட்கார்ந்து, கன்ஸ்ட்ரெய்ன்ட் என்ற பத்தியைத் திறந்து காட்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகளில் 'இந்தத் தேதிக்கு முன் தொடங்காது' என்று இருந்தது. நான் அப்படி எதுவும் போடவில்லையே என்றேன். "தொடக்கத் தேதிக் கட்டத்தில் தேதியை அடிச்சீங்கல்ல? அதுக்கு அர்த்தம் இதுதான்" என்றார். எம்எஸ் புராஜெக்ட்டில் தொடக்கத் தேதியைக் கையால் அடித்தால், அது தகவலாகப் பதிவாவதில்லை, கட்டளையாகப் பதிவாகிறது. வேலை தாமதமானால் பின்னால் போகும்; முன்னேறினால் முன்னால் வராது. வலதுபக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி.

இதன் கூடப்பிறந்தது ஒன்று 2010 பதிப்பில் வந்தது. புதிதாகச் சேர்க்கும் வேலைகள், நாம் மாற்றாதவரை, மேனுவல் ஷெட்யூல் முறையில்தான் உட்காரும். அப்படி உட்கார்ந்த வேலை, முந்தைய வேலை தள்ளிப்போனாலும் நின்ற இடத்தில் நிற்கும். தேதிக்குக் கீழே சிவப்பாக ஒரு நெளிகோடு மட்டும் வரும். ஃபைலைத் திறந்ததும் முதல் வேலையாக அதை ஆட்டோ முறைக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது குழி காலண்டர். அதில் வரும் இயல்பான காலண்டர் வாரத்துக்கு 5 நாள், காலை 8 முதல் மாலை 5 வரை, நடுவில் ஒரு மணி நேர இடைவேளை. ஆக நாளுக்கு 8 மணி நேரம். உங்கள் சைட் நாளுக்கு 10 மணி நேரம் ஓடுகிறது என்று காலண்டரை மட்டும் மாற்றிவிட்டு, ஆப்ஷன்ஸில் 'ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம்' என்பதை 8லேயே விட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? நீங்கள் 10 நாள் என்று எழுதும் வேலையை அது 80 மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளும். 10 மணி நேர நாளில் 80 மணி நேரம் 8 நாளில் முடிந்துவிடும். இரண்டு நாள் காற்றில் கரைந்துபோகும். யாரும் தப்பு செய்யவில்லை, எந்த எச்சரிக்கையும் வராது, ஆனால் ஷெட்யூல் முழுவதும் ஐந்தில் ஒரு பங்கு பொய். பிரைமவேராவிலும் இந்த மணி நேரக் கணக்கு உண்டு, அங்கே ஒவ்வொரு காலண்டருக்கும் தனியாகப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, ஆட்கணக்கு. உழைப்பு என்பது நாளையும் ஆளையும் பெருக்கி வருவது என்று அது நம்புகிறது. சீலிங்குக்கு ஒரு குழு 4 நாள் என்று போட்டுவிட்டு, உழைப்பு மாறாத முறையில் இன்னொரு குழுவைச் சேர்த்தால் 2 நாள் என்று காட்டும். ஒரே சாரத்தில் எத்தனை பேர் நிற்க முடியும் என்று அதற்குத் தெரியாது. வேலை நாள் மாறாத முறைக்கு வைத்துவிட்டு, ஆறு சைட்டும் போட்டிபோடும் ஆட்களை மட்டும், உங்களுக்கு அநேகமாக ஏசி கமிஷனிங் குழு, ரிசோர்ஸாகப் போடுங்கள். மற்றவர்களைப் போட்டால் அப்டேட் செய்தே உங்கள் வாழ்க்கை முடிந்துவிடும்.

சரி, பிரைமவேரா. 1983ல் தொடங்கிய நிறுவனம், 2008ல் ஆரக்கிள் வாங்கியது. இன்று எல்லோரும் பி6 என்கிறார்கள். பெரிய கட்டுமானம், எண்ணெய்-எரிவாயு, மின்நிலையம் போன்ற இடங்களில் கிளையன்ட் இதைக் கேட்பது சகஜம். அவருக்கு வேண்டியது எக்ஸ்இஆர் என்ற பிரைமவேரா ஃபைல். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை, அந்த ஒரு சைட்டுக்கு பி6 வேண்டும். அதற்காக மற்ற ஐந்தையும் அதற்குள் தள்ளவேண்டியதில்லை.

பி6ல் எனக்குப் பிடித்தது, அதன் பிடிவாதம். எம்எஸ் புராஜெக்ட் நீங்கள் தொட்ட மாத்திரத்தில் எல்லாவற்றையும் நகர்த்திவிடும். பி6ல் சாதாரணமாக நீங்கள் எஃப்9 அழுத்தினால்தான் கணக்கு ஓடும். அப்போதும் 'டேட்டா டேட்' எது என்று கேட்கும். அதாவது, எந்த நாள் வரை நடந்ததைச் சொல்கிறாய் என்று. அந்தத் தேதிக்கு முன்னால் நடக்காத வேலை என்று ஒன்று இருக்க முடியாது; மீதி எல்லாம் அதற்குப் பின்னால்தான். எம்எஸ் புராஜெக்ட்டிலும் ஸ்டேட்டஸ் டேட் உண்டு, ஆனால் அதை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால்தான் போன மாதம் முடிந்திருக்கவேண்டிய வேலைகள், முடியாமலே போன மாதத்திலேயே கிடக்கும் ஷெட்யூல்களை நிறையப் பார்க்கிறோம். நடக்காத வேலைக்கு இறந்தகாலத்தில் தேதி.

கிளையன்ட்டுக்கு பி6 ஃபைல் தருவதற்கு முன் ஒன்றை மட்டும் எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். உங்கள் ஆட்கள் இன்ஸ்பெக்ஷன் வராமலே ஒரு மூலையில் சீலிங் மூடத் தொடங்கிவிட்டார்கள் என்று வையுங்கள். அது எங்கும் நடப்பதுதான். வரிசை மாறிய இந்த வேலையை பி6 எப்படிக் கணக்கிடவேண்டும் என்பதற்கு ஆப்ஷன் உண்டு. ரீட்டெய்ன்ட் லாஜிக் என்றால், மீதி சீலிங் இன்ஸ்பெக்ஷன் முடியும்வரை காத்திருக்கும். புராக்ரஸ் ஓவர்ரைடு என்றால், தொடங்கிவிட்டதல்லவா என்று இணைப்பைக் கண்டுகொள்ளாமல் நேராக ஓடும். ஒரே தகவல், இரண்டு வேறு முடிவுத் தேதி. தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற சண்டை வரும்போது இந்த ஒரு பட்டனைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஸ்மார்ட்ஷீட், மண்டே, ஆசனா போன்றவை. முகம் எக்செல் அல்லது கார்டு மாதிரி, உள்ளே கொஞ்சம் ஷெட்யூலிங். இவற்றில் இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அது என்ன செய்கிறது என்று பாருங்கள். மண்டேயில் முந்தைய வேலை நகரும்போது அடுத்தது நகரவேண்டுமா, மோதினால் மட்டும் நகரவேண்டுமா, சும்மா இருக்கவேண்டுமா என்று நாமே தேர்ந்தெடுக்கவேண்டும். ஸ்மார்ட்ஷீட்டில் டிபென்டன்சியை முதலில் செட்டிங்கில் இயக்கவேண்டும். இயக்கினால் கிரிட்டிக்கல் பாத்தும் காட்டும். 50, 100 வரி வேலைகளுக்கும், பலர் ஒரே சமயத்தில் திறந்து பார்க்கவேண்டிய இடங்களுக்கும் நல்லவை. 400 வரி சைட் ஷெட்யூலுக்கு நான் போகமாட்டேன்.

இலவசமாகக் கிடைப்பவற்றை உங்கள் பட்டியலில் காணவில்லையே, ஏன்? கான்ட்புராஜெக்ட் 2003 முதல் இருக்கிறது, புராஜெக்ட்லிப்ரே 2012 முதல். புராஜெக்ட்லிப்ரே, எம்எஸ் புராஜெக்ட்டின் எம்பிபி ஃபைலைத் திறக்கும். திரும்ப எம்பிபியாகச் சேமிக்காது, எக்ஸ்எம்எல்லாகத்தான் தரும். டெஸ்க்டாப் பதிப்பில் பலர் ஒரே சமயத்தில் வேலை செய்ய முடியாது. தோற்றமும் கொஞ்சம் பழசு. ஆனால் 14, 17, 16 என்ற கணக்கை அது சரியாகப் போடும். உங்களுக்கு முதல் சில மாதம் தேவை அவ்வளவுதான். பணம் கட்டிய பிறகு, நம்மவர்கள் அப்டேட் தரமாட்டார்கள் என்று கண்டுபிடிப்பதைவிட, கட்டாமல் கண்டுபிடிப்பது மேல்.

அப்டேட் என்றதும் ஞாபகம் வருகிறது, உங்கள் 43 வரியில் இதற்கு ஒரு வரிகூட இல்லை: யார், எந்தக் கிழமை, எதைப் பார்த்து இதை நிரப்பப்போகிறார்கள்? எல்லா சூப்பர்வைசருக்கும் லாகின் கொடுத்து, மொபைலில் அவர்களே நிரப்புவார்கள் என்று நம்பிக் கெட்டுப்போன திட்டங்கள் ஏராளம். அவர்களுக்கு ஏணி, ஆள், சரக்கு என்று ஆயிரம் கவலை. ஒருவர் பிளானராக இருக்கட்டும். வாரத்தில் ஒரே கிழமையில் ஒவ்வொரு சைட்டுக்கும் போன் போட்டு, ஓடும் வேலைகளுக்கு மூன்றே கேள்வி கேட்கட்டும். எந்தத் தேதியில் தொடங்கியது? முடிந்துவிட்டதென்றால் எந்தத் தேதி? முடியவில்லை என்றால் இன்னும் எத்தனை நாள்?

சதவீதம் கேட்கவே வேண்டாம். ஒருமுறை ஒரு சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"டக்ட் எவ்வளவு ஆச்சு?"

"தொண்ணூறு பர்சன்ட் முடிஞ்சது சார்."

"மீதி எத்தனை நாள் ஆகும்?"

கொஞ்சம் யோசித்தார். "ஆட்கள் இருந்தா ஒரு ஆறு நாள் சார்."

அது மொத்தமே 6 நாள் வேலை. அவர் பொய் சொல்லவில்லை. நீளமான டக்ட் எல்லாம் மாட்டியாகிவிட்டது, மூலை முடுக்குகள் மட்டும் பாக்கி. நேரத்தைத் தின்பது அந்த மூலை முடுக்குகள்தான். 90 என்று உள்ளே போட்டிருந்தால் மென்பொருள் நாளையே முடியும் என்று காட்டியிருக்கும். எம்எஸ் புராஜெக்ட், பி6 இரண்டிலும் மீதி நாளை நேராக அடிக்க ஒரு பத்தி இருக்கிறது, ரிமெய்னிங் டூரேஷன் என்று. அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இப்போது தேர்வு. டெமோவில் விற்பவர் காட்டும் ஃபைல் எப்போதும் ஓடும், அதை நம்பாதீர்கள். சமீபத்தில் நீங்கள் முடித்த, நன்றாகத் தாமதமான ஒரு சைட்டை எடுங்கள். அதன் முதல் திட்டத்தை 60 வரியில் சுருக்கி, தேதியே அடிக்காமல், நாட்களையும் இணைப்புகளையும் மட்டும் இரண்டு மென்பொருளில் ஏற்றுங்கள். பேஸ்லைனை, அதாவது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க முதல் திட்டத்தின் நகலை, சேமித்துவையுங்கள். எம்எஸ் புராஜெக்ட்டில் ஒரு ஃபைலுக்கு 11 பேஸ்லைன் வைக்கலாம், உங்களுக்கு இரண்டு போதும். பிறகு அந்த சைட்டில் உண்மையில் நடந்ததை, வாரவாரமாக, பழைய மெயில்களையும் வாட்ஸ்அப்பையும் பார்த்து ஏற்றுங்கள். இரண்டு மூன்று பிற்பகல் ஆகும். ஒப்படைப்புத் தேதி தள்ளிப்போகும் என்று எந்த வாரத்தில் அது சொல்கிறது என்று பாருங்கள். நீங்கள் நிர்வாகத்திடம் உண்மையில் எந்த வாரத்தில் சொன்னீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள வாரங்கள்தான் இந்த மென்பொருளின் மதிப்பு. எந்த டிக்கும் இதைக் காட்டாது.

அதே ஃபைலில் இன்னும் இரண்டு குறும்பு செய்து பாருங்கள். ஒரு வேலையை வேண்டுமென்றே முன்னதாக முடித்து, அடுத்தவை முன்னே வருகின்றனவா என்று பாருங்கள். என் 11 நாள் கதை அங்கே தெரிந்துவிடும். அப்புறம், முழு ஷெட்யூலையும் வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்துபாருங்கள். தேதிகள் மட்டும் வந்து இணைப்புகள் வராவிட்டால், அந்த நிறுவனத்திடமிருந்து நீங்கள் என்றைக்குமே வெளியே வர முடியாது. இது வீண் பயமில்லை. ஜிராவின் சர்வர் பதிப்புக்கு 2024 பிப்ரவரி 15ஓடு ஆதரவு நின்றது. இணையத்தில் ஓடும் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் ஆன்லைனுக்கு 2026 செப்டம்பர் 30ஐக் கடைசி நாளாக அறிவித்தார்கள். பெரிய நிறுவனம் என்பதால் பொருள் நிலைக்கும் என்று அர்த்தமில்லை. யாராவது உங்களிடம் புராஜெக்ட் ஆன்லைன் விற்க வந்தால் இந்தத் தேதியைக் கேளுங்கள்.

ஒரே மென்பொருளில் எல்லாம் என்ற ஆசையைப் பற்றி. வேண்டாம். சைட்டுகளுக்கு எம்எஸ் புராஜெக்ட்டின் டெஸ்க்டாப் பதிப்பு, அல்லது தொடக்கத்தில் புராஜெக்ட்லிப்ரே, ஒரே பிளானர். டிராயிங் பிரிவுக்கு எளிமையான ஒரு போர்டு. கிளையன்ட் கேட்கும் ஒரு சைட்டுக்கு மட்டும் பி6, அதுவும் ஒப்பந்தத்தில் இருந்தால். இவற்றைத் தானாக இணைக்கும் இன்டக்ரேஷன் எதையும் வாங்காதீர்கள். இரண்டு பக்கமும் சந்திக்கும் இடம் ஒன்றுதான்: எந்த டிராயிங் எந்தத் தேதியில் அப்ரூவல் ஆகும். ஒரு சைட்டுக்கு வாரத்தில் அப்படி ஐந்தாறு தேதி மாறும். பிளானர் போர்டைப் பார்த்து, ஷெட்யூலில் அந்த அப்ரூவலைக் குறிக்கும் மைல்ஸ்டோனில் கையால் அடித்துவிடலாம். நான் மேலே திட்டிய 'இந்தத் தேதிக்கு முன் தொடங்காது' என்ற கட்டளை இங்கே மட்டும் சரியானது, ஏனென்றால் அப்ரூவல் உங்கள் கையில் இல்லை. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில், 'இது ஏன் மூணாவது தடவையா தள்ளிப்போகுது?' என்று ஒரு மனிதர் கேட்பார் பாருங்கள், எந்த இன்டக்ரேஷனும் அதைக் கேட்காது.

நிர்வாகத்துக்கு 11 பெயரும் வேண்டாம். பழைய சைட்டை ஏற்றிப் பார்த்ததில் எந்த வாரத்தில் எச்சரிக்கை வந்தது என்று ஒரே பக்கத்தில் காட்டுங்கள். பிறகு ஆறு சைட்டிலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்ததாகத் தொடங்கப்போகும் புதிய சைட் ஒன்றை எடுங்கள். பாதியில் இருக்கும் சைட்டுகளை எக்செல்லிலேயே ஒப்படைத்து முடித்துவிடுங்கள். பாதி நடந்த வேலைக்கு இணைப்புகளைத் தேடிப் போடுவது, ஓடும் வண்டிக்குச் சக்கரம் மாற்றுவது மாதிரி. அந்த முதல் சைட்டின் மூன்றாவது மாத ஃபைலை அனுப்பிவையுங்கள், கன்ஸ்ட்ரெய்ன்ட் பத்தியைத் திறந்து பார்க்கிறேன்.